இருவர் கூடினால் அதுவே கூட்டம்



கற்பிட்டிக்கு வடக்கே, ஒருபுறம் இந்து சமுத்திரத்தின் அலையும் மறுபுறம் அமைதியான களப்பு நீரும் சூழ, ஒடுங்கிய மணற்றிட்டாக நீண்டு கிடக்கின்றது உச்சமுனை. கடலை நம்பி வாழும் மக்களின் சிற்றூர் அது. அங்கு செல்வோர் கற்பிட்டித் துறையிற் படகேறிச் செல்வதே வழக்கம். அவ்வூரில், வாடியொன்றின் முன்னே வலை உலர்த்திக்கொண்டிருக்கும் ஒரு தொழிலாளி, இன்று மாலை தம் மனைவியிடம், "நான் குடியை விட்டுவிட விரும்புகிறேன்; ஆனால் என்னாலே தனியே முடியவில்லை" என்று கூறுகின்றார் என வைத்துக்கொள்வோம். இச்சொற்களைக் கேட்பதற்காக அந்த அம்மையார் பல ஆண்டுகள் காத்திருந்திருப்பார். கேட்ட மகிழ்ச்சி அடங்குமுன்னே அவர் உள்ளத்தில் ஒரு கேள்வி எழும். குடியை விட்டவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணைநிற்கும் கூட்டங்கள் உண்டென்று சொல்கிறார்களே, அவை எங்கே நடக்கின்றன? நம்மைப்போன்றவர்கள் அவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலிலே ஒரு தெளிவு வேண்டும். குடிக்கு அடிமையாதல் வெறும் ஒழுக்கக்கேடன்று. அது ஒரு நோய். அமெரிக்க வைத்தியச் சங்கம் 1956 ஆம் ஆண்டிலேயே இதனை நோயென ஏற்று, ஏனைய நோயாளரைப்போலவே குடிநோயாளரையும் வைத்தியசாலைகள் ஏற்கவேண்டுமென்று கூறிற்று. குடிநோயாளி மனவுறுதி அற்றவர் என்று நாம் நினைக்கிறோம். இருட்டோடு எழுந்து, கொந்தளிக்கும் கடலிலே வள்ளத்தைச் செலுத்தி, வெயிலும் உப்பும் உடலைத் தின்ன உழைக்கின்ற ஒருவருக்கு மனவுறுதி இல்லையென்று யார் சொல்ல முடியும்? அந்த உறுதி எல்லாவற்றிலும் பலிக்கிறது. முதற் கோப்பையின் முன்னே மட்டும் தோற்றுவிடுகிறது. ஆதலால் தனிமனிதனின் உறுதியை மட்டும் நம்பியிராமல், மற்றொருவரின் துணையைத் தேடுவதே அறிவுடைமை.

இந்த உண்மை எவ்வாறு கண்டறியப்பட்டது என்பது சுவையான வரலாறு. நமது உச்சமுனைத் தொழிலாளிக்கு அவ்வரலாற்றிலேயே வழியும் இருக்கின்றது.

நியூயோர்க் நகரில் பங்குச் சந்தைத் தொழிலில் இருந்தவர் பில் வில்சன். குடியினால் தொழிலையும் உடல்நலத்தையும் இழந்து, பலமுறை வைத்தியசாலை சென்று, 1934 டிசம்பரில் குடியை நிறுத்தினார். அதன்பின் ஐந்து மாதங்கள் வேறு குடிநோயாளரைத் தேடித் தேடி உதவ முயன்றார். அவர்களில் ஒருவரும் திருந்தவில்லை. ஆயினும், அவ்வளவு காலமும் பில் வில்சன் மாத்திரம் குடியாமல் இருந்தார். 1935 மே மாதத்தில், ஒரு வியாபார அலுவலாக ஒகையோ மாநிலத்திலுள்ள அக்றன் நகருக்குச் சென்றார். போன காரியம் தோல்வியுற்றது. கையிற் பணமும் அதிகமில்லை; அறிந்தவர் எவருமில்லை. தங்கியிருந்த ஹோட்டலின் முன்மண்டபத்தில் அவர் உலாவிக்கொண்டிருந்தபோது, ஒரு பக்கத்திலே மதுச்சாலையின் ஆரவாரம் கேட்டது. மறுபக்கத்தில் ஒரு தொலைபேசியும், அவ்வூர்த் தேவாலயங்களின் பெயர்ப்பட்டியலும் இருந்தன.

நேயர்களே, அந்த மண்டபத்திலே அவர் எந்தப் பக்கம் நடந்தார் என்பதிலேதான் பின்னர் இலட்சக்கணக்கானோரின் வாழ்வு தங்கியிருந்தது. அவர் தொலைபேசியின் பக்கம் நடந்தார். பட்டியலிலிருந்த ஒரு குருவானவரை அழைத்து, தாம் ஒரு குடிநோயாளி என்றும், தாம் மீண்டும் குடியாதிருக்க வேண்டுமானால் மற்றொரு குடிநோயாளியோடு பேசவேண்டும் என்றும் கூறினார். அவர் சில பெயர்களைக் கொடுத்தார். அவற்றின் வழியே, பல அழைப்புக்களின்பின், ஹென்றியெட்டா சைபர்லிங் என்ற அம்மையாருடன் தொடர்பு கிடைத்தது. அந்த அம்மையாரின் இல்லத்திலே, மே 12 ஆம் திகதி, டாக்டர் றொபேட் ஸ்மித் என்ற சத்திரவைத்தியரை அவர் சந்தித்தார். குடியினால் தொழில் நலிந்திருந்த அந்த வைத்தியர், 15 நிமிடங்களுக்குமேல் இருக்கமாட்டேன் என்ற நிபந்தனையுடனேயே வந்தவர். மாலை 5 மணிக்குத் தொடங்கிய பேச்சோ இரவு 11 மணி கடந்தும் முடியவில்லை. பில் அவருக்குப் புத்திமதி ஏதும் கூறவில்லை. தம் கதையையே கூறினார். கேட்டவர், இதுவரை தம்மோடு குடியைப்பற்றிப் பேசியோருள், தாம் பட்டதைத் தாமும் பட்டறிந்த முதல் மனிதர் இவரே என்று உணர்ந்தார்.

டாக்டர் ஸ்மித் அன்றோடு குடியை விட்டுவிட்டாரா? இல்லை. சில வாரங்களில் வைத்தியர் மகாநாடொன்றுக்குச் சென்றவர் மீண்டும் குடித்துவிட்டுத் திரும்பினார். பில் அவரைக் கைவிடவில்லை. 1935 ஜூன் 10 ஆம் திகதி டாக்டர் ஸ்மித் தமது இறுதிக் கோப்பையை அருந்தினார். 1950 இல் இறக்கும்வரை அவர் மீண்டும் குடிக்கவேயில்லை. அந்த ஜூன் 10 ஆம் திகதியையே 'அல்ககோலிக்ஸ் அனானிமஸ்' என்னும் இயக்கம் தனது பிறந்தநாளாகக் கொள்கிறது. பெயர் வெளியிடாத குடிநோயாளர் என்பது அப்பெயரின் பொருள், சுருக்கமாக ஏ.ஏ. என்பர். இருவரும் அந்த மாதத்திலேயே வைத்தியசாலைப் படுக்கையிற் கிடந்த மூன்றாமவர் ஒருவரைக் கண்டு பேசினர். 1939 இல் அவர்களது நூல் வெளியானபோது உறுப்பினர் தொகை ஏறக்குறைய 100. இன்று அவ்வியக்கம் உலகின் பெரும்பாலான நாடுகளில் நடைபெறுகின்றது.

இவ்வரலாற்றில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்று. பில் வில்சன் அக்றனிலே கூட்டத்தைத் தேடவில்லை. தேடியிருந்தாலும் கிடைத்திராது, ஏனெனில் அன்று உலகத்தில் எங்குமே அத்தகைய கூட்டம் இருக்கவில்லை. அவர் தேடியது ஒரேயொரு மனிதரை. அந்த மனிதர் கிடைத்தவுடன் கூட்டமும் கிடைத்துவிட்டது.

இனி, இத்தகைய கூட்டமொன்றில் என்ன நடக்கிறதென்று பார்ப்போம். அறியாத ஒன்றைப்பற்றிய அச்சமே பலரை வாசலோடு திருப்பிவிடுகிறது. தேவாலய மண்டபமோ, பாடசாலை அறையோ, வைத்தியசாலையின் ஒரு மூலையோ போதும். சில நாற்காலிகள், தேநீர், ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஒருவர் தலைமை வகிப்பார். விரும்பியவர் எழுந்து தம் முதற்பெயரை மட்டும் கூறி, தாம் ஒரு குடிநோயாளி என்பதைச் சொல்லி, தம் அனுபவத்தைக் கூறுவார். இடையிலே மறித்துப் பேசுவோரில்லை, குற்றங் காண்போரில்லை. பேச மனமில்லாதவர் கேட்டுக்கொண்டிருக்கலாம். பதிவு, கட்டணம், கையொப்பம் எதுவுமில்லை. செலவுக்காக ஒரு தட்டு சுற்றிவரும். இயன்றவர் இயன்றதை இடுவர், புதிதாக வந்தவர் இடவேண்டியதில்லை. சேர்வதற்குரிய தகுதி ஒன்றே ஒன்று: குடியை விடவேண்டுமென்ற விருப்பம்.

சில கூட்டங்கள் குடிநோயாளருக்கு மட்டுமே உரியவை. வேறு சில, குடும்பத்தவரும் அறிய விரும்புவோரும் வந்து அமரக்கூடியவை. அனுபவமுள்ள ஒருவர் புதியவருக்கு வழித்துணையாவார். குடிக்கத் தோன்றும் வேளையில் அவரை அழைக்கலாம். வாழ்நாள் முழுவதற்கும் சத்தியம் செய்யுமாறு எவரும் கேட்பதில்லை. இன்று ஒரு நாளைக்கு, இந்த 24 மணி நேரத்துக்குக் குடியாமலிருப்பதே அங்குள்ள கணக்கு. கடவுளைப்பற்றிய பேச்சு அங்கு உண்டு. ஆயினும் அவரவர் கொண்ட நம்பிக்கையின்படியே அதனைக் கொள்ளலாம். கத்தோலிக்கரும் இஸ்லாமியரும் இந்துக்களும் பௌத்தரும் அருகருகே வாழும் புத்தளம் மாவட்டத்துக்கு இது பொருத்தமான ஏற்பாடன்றோ?

இதனாற் பயனுண்டா என்று கேட்போருக்கும் விடையுண்டு. 2020 ஆம் ஆண்டில் கொக்ரேன் என்னும் ஆய்வு நிறுவனம், 10,565 பேரை உள்ளடக்கிய 27 ஆய்வுகளை ஒப்புநோக்கியது. தொடர்ந்து குடியாதிருத்தல் என்ற அளவிலே, ஏ.ஏ. கூட்டங்களோடு நோயாளரை முறையாக இணைத்துவிடும் சிகிச்சை, ஏனைய பெயர்பெற்ற சிகிச்சைகளைவிட மேம்பட்டிருந்தது என்பது அதன் முடிவு. எல்லோருக்கும் இது பலிக்கும் என்பதன்று. ஆனால், முயன்று பார்க்கத்தக்க வழி என்பதில் ஐயமில்லை.

இப்போது உச்சமுனைக்குத் திரும்புவோம். படகேறி எங்கே செல்வது?

கூட்டத்துக்கு முன்னே வைத்தியரிடம் செல்லவேண்டும். இதனை நான் அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. நெடுங்காலமாக, நாள்தோறும், பெருமளவிற் குடித்துவந்த ஒருவர் திடீரென்று நிறுத்தினால் அவருடைய உடல் தடுமாறும். சில மணி நேரத்திலேயே கைநடுக்கம், வியர்வை, உறக்கமின்மை ஆகியன தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள்வரையில் சிலருக்குச் சித்தம் கலங்கி, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தோன்றும். அந்நிலை உயிருக்கே ஆபத்தானது. வைத்தியசாலையிலே இதற்குத் தக்க மருந்துகள் உண்டு. கரையிலிருந்து துறைக்குப் படகும், துறையிலிருந்து வைத்தியசாலைக்கு வாகனமும் தேடவேண்டிய ஓர் ஊரிலே, இரவு வேளையில், தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலத்தில், இந்த ஆபத்து நேர்ந்தால் என்னாகும்? ஆதலால், "நாளை முதல் நிறுத்துகிறேன்" என்று வீரமாகக் கூறிவிட்டு வாடியில் படுத்துக்கொள்ள வேண்டாம். வள்ளமேறித் தனியே கடலுக்குப் போகவும் வேண்டாம். நிறுத்துமுன் கற்பிட்டி வைத்தியசாலையிலே வைத்தியரைக் கண்டு, எவ்வளவு குடிக்கிறோம் என்ற உண்மையை மறையாது கூறவேண்டும். மேலதிக சிகிச்சை தேவையானால் அவர் புத்தளம் ஆதார வைத்தியசாலைக்கு அனுப்புவார்.

இன்னுமோர் எச்சரிக்கையும் உண்டு. கணவருக்குத் தெரியாமல் சோற்றிலோ குழம்பிலோ மருந்து கலந்து கொடுத்துக் குடியை நிறுத்தலாம் என்று ஆசைகாட்டுவோர் இருக்கின்றனர். அத்தகைய மருந்துகளுட் சில, மதுவோடு சேரும்போது இருதயத்தையே தாக்கவல்லவை. அவற்றை வைத்தியரின் மேற்பார்வையில், நோயாளியின் சம்மதத்தோடு மட்டுமே கொடுக்கவேண்டும்.

வைத்தியரிடம் சென்ற அன்றைக்கே இரண்டாவது கேள்வியையும் கேட்டுவிடலாம்: "குடியை விட்டவர்கள் கூடுமிடம் இந்தப் பக்கத்தில் உண்டா?" நம் நாட்டின் மாவட்டங்களிலே மனநலத்துக்கென வைத்திய உத்தியோகத்தர்கள் பணியாற்றுகின்றனர். இத்தகைய கூட்டங்களைப்பற்றிய செய்தி பெரும்பாலும் அவர்களிடமே முதலில் வந்துசேரும். தொலைபேசியிலே கேட்க விரும்புவோர், தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்தையும், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தையும் அழைக்கலாம். கொழும்பிலே, சுமித்ரயோ அமைப்பின் கிளையான 'மெல் மெதுர' நிலையமும் குடிக்கும் போதைக்கும் அடிமையானோருக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் ஆலோசனை வழங்கிவருகிறது. ஏ.ஏ. கூட்டங்களும் கொழும்பில் நடைபெறுகின்றன. அவர்களோடு தொடர்புகொள்ளும்போது நான்கு விடயங்களைக் கேட்டறிந்துகொள்வது நல்லது. எந்த நாள், எந்த நேரம், எந்த மொழி, குடும்பத்தவரும் வரலாமா? இந்நான்கும் தெரியாமற் புறப்பட்டால், பூட்டிய கதவைக் கண்டு திரும்ப நேரலாம். அப்படித் திரும்பும் வழியிலே தவறணை திறந்திருக்கும்.

புத்தளத்திலிருந்து கொழும்பு ஏறக்குறைய 130 கிலோமீற்றர். அதற்கு முன்னே கற்பிட்டியிலிருந்து பாலாவிச் சந்தி வரையுள்ள நீண்ட வீதி. அதற்கும் முன்னே கடல். ஒரு நாட் தொழிலையும் பஸ் கட்டணத்தையும் இழந்து வாரந்தோறும் இவ்வளவு தூரம் போய்வருதல் ஏழைத் தொழிலாளிக்கு இயலாது. 2020 இல் பெருந்தொற்று வந்தபின், தொலைபேசி வழியாகவும் கணினி வழியாகவும் கூட்டங்கள் நடத்தும் வழக்கம் உலகெங்கும் பரவியிருக்கிறது. தமிழிலே ஏ.ஏ. கூட்டங்கள் நடைபெறும் சென்னை போன்ற நகரத்தவரோடும் இவ்வழியே சேரலாம். கைத்தொலைபேசித் தொடர்பு கிடைக்குமிடத்தில், குறித்த நேரத்தில் அமர்ந்தால் தம் மொழியிலேயே ஒரு குரலைக் கேட்கலாம். இது பெரிய உதவியே. ஆயினும், மாலையில் மீன் விற்ற பணம் கையில் வந்து, கூட்டாளி போத்தலைத் திறக்கும் அந்த வேளையில், தோளிற் கைவைத்து "வா, நடந்துவிட்டு வருவோம்" என்று சொல்வதற்கு ஊரிலேயே ஒருவர் வேண்டும்.

சிகிச்சை நகரத்தில் மட்டுமே இருக்கவேண்டுமென்ற நியதியில்லை என்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்து ஒரு சான்று கூறுவேன். சென்னையிலே, குடிநோயினால் 1979 இல் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார், அடுத்த ஆண்டிலேயே அவர் பெயரால் ரி.ரி. ரங்கநாதன் ஆய்வு நிலையத்தை நிறுவினார். குடிநோயாளருக்கென அங்கு வைத்தியசாலை எழுந்தது. பின்னர் அந்நிறுவனத்தார், நோயாளர் நகரத்துக்கு வரட்டும் என்று காத்திராமல், காவிரி பாயும் நாட்டிலுள்ள மஞ்சக்குடிக் கிராமத்துக்குச் சென்று அங்கேயே முகாம் அமைத்தனர். ஊராரே இடமும் உணவும் ஒழுங்கும் அளித்துத் துணைநின்றனர். முகாம் முடிந்தபின்னும் தொடர்ந்து வந்து விசாரித்தனர். கிராமம் முழுவதும் அறிய நடந்த காரியம் அது; வெட்கத்தினால் எவரும் அழிந்துபோகவில்லை.

வெட்கம் என்றேன். உண்மையில், உச்சமுனை போன்ற சிற்றூரின் பெருந்தடை இதுவே. பெயரை வெளியிடாமை இயக்கத்தின் அடிப்படை என்கிறோம். எல்லோரும் எல்லோரையும் அறிந்த கரையிலே பெயரை எங்கே ஒளிப்பது? ஆனால், சற்று எண்ணிப் பார்ப்போம். அவர் குடிக்கிறார் என்பதை ஊரறியும், தவறணைக்காரர் அறிவார், கடன் கொடுத்த சம்மாட்டி அறிவார், பாடசாலைக்குப் போகும் பிள்ளையின் தோழர்களும் அறிவார்கள். ஊரறியாதது, அவர் அதை விட விரும்புகிறார் என்ற ஒன்றுதான். குடித்ததை மறைக்காதவர் குடியை விடுவதை மறைக்கவேண்டுமா? ஆயினும், ஒருவர் நெஞ்சைத் திறந்து கூறிய செய்தி கிணற்றடிப் பேச்சாகாமற் காப்பது கூட்டத்தில் அமர்ந்த ஒவ்வொருவரின் கடமை. ஊரிலே பேசக் கூசுபவர், முதலில் கற்பிட்டியிலோ புத்தளத்திலோ ஒருவரைக் கண்டு பேசலாம்.

அருகில் கூட்டமே இல்லையென்று உறுதியாகத் தெரிந்தால் என்ன செய்வது? அக்றன் மண்டபத்திலே பில் வில்சன் செய்ததையே செய்யவேண்டும். அவர் குருவானவரை அழைத்தார், நாமும் பங்குச் சுவாமியாரையோ, மௌலவியையோ, பாடசாலை அதிபரையோ அணுகி, "குடியை விட்டுவிட்ட ஒருவரை, அல்லது விட விரும்பும் ஒருவரை அறிவீர்களா?" என்று கேட்கலாம். பலருடைய வீட்டுக் கவலைகளைக் கேட்கும் இவர்கள் அத்தகைய ஒருவரையேனும் அறிந்திருப்பர். மார்ச் மாதத்திலும் ஆகஸ்ட் மாதத்திலும் தலவில் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குச் செல்லும் பலர், அங்கு குடியை விடுவதாக நேர்ந்துகொள்கின்றனர். நேர்த்தி நல்லதே. ஆனால், தனியே செய்த நேர்த்தியைத் திருவிழா முடிந்த மறுவாரத்திலே தனியே காக்கவேண்டியிருக்கிறது. அதே நேர்த்தியைச் செய்த இருவர் ஒருவரையொருவர் அறிந்திருந்தால், காவலுக்கு ஆள் இருக்கும்.

அந்த இருவரும் ஒரு நாளைக் குறிக்கட்டும். தொழிலுக்குப் போகாத நாளாயிருப்பது நன்று. ஒரு நேரத்தைக் குறிக்கட்டும். பணம் பங்கிடும் மாலை நேரமே குடிக்கத் தூண்டும் நேரமாதலால் அதுவே பொருத்தமானது. ஓர் இடத்தைக் குறிக்கட்டும். மதுப்போத்தல் வராத இடமாயிருந்தாற் போதும். ஒருவர் வராவிட்டாலும் மற்றவர் அங்கு வந்து அமரவேண்டும். அவரவர் தம் கதையைக் கூறவேண்டும். மற்றவருக்குப் புத்தி சொல்லலாகாது. கொழும்புக் குழுவினரோடு தொலைபேசித் தொடர்பு வைத்துக்கொண்டால், நடத்தும் முறையை அவர்கள் கூறுவர். ஒருவர் இடையிலே தவறிவிட்டால், டாக்டர் ஸ்மித்தை நினைத்துக்கொள்ளவேண்டும். முடிவாக வென்றவரும் முதலில் ஒருமுறை தவறியவரே.

இனி அந்த அம்மையாருக்கு ஒரு சொல். குடிநோயாளியின் நோய் வீட்டிலுள்ள எல்லோரையும் பீடிக்கிறது. போத்தலை ஒளித்தும், கடனை அடைத்தும், பொய்க்காரணம் சொல்லி அவர் மானத்தைக் காத்தும் மனைவிமார் களைத்துப்போகின்றனர். இவர்களுக்கெனவே, பில் வில்சனின் மனைவியார் லோயிஸ், 1951 இல் மற்றொரு அம்மையாருடன் சேர்ந்து 'அல்-அனான்' என்ற குடும்பத்தவர் இயக்கத்தைத் தொடங்கினார். கணவரின் குடிக்குத் தாம் காரணமல்லர் என்பதையும், அதைத் தம் கையால் தடுத்துவிட முடியாது என்பதையும் அங்கு அவர்கள் முதன்முறையாகக் கேட்டுத் தேறுதலடைகின்றனர். கணவர் கூட்டத்துக்கு வர மறுத்தாலும் மனைவி தமக்கெனத் துணை தேடலாம். அயல் வாடியிலுள்ள மற்றொரு மனைவியோடு மனம்விட்டுப் பேசுவதும் அதன் தொடக்கமே.

நம் நாட்டிலே சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மதுவிலக்கு இயக்கம் பல ஊர்களிலே தவறணைகளை மூடச்செய்தது. 2006 ஆம் ஆண்டின் சட்டம் மது விளம்பரத்தைத் தடுத்து, 21 வயதுக்குட்பட்டோருக்கு மது விற்பதையும் விலக்கியது. இவை வேண்டியவையே. ஆனால், தவறணை மூடிய இரவிலும் உறக்கமின்றிப் புரளும் ஒருவருக்குச் சட்டம் துணையிருக்க முடியாது. மனிதர்தான் துணையிருக்க முடியும்.

அம்மனிதர் எங்கோ தொலைவில் இருக்கிறார் என்று எண்ணவேண்டாம். இன்று இப்பேச்சைக் கேட்டுக்கொண்டு, அதே கரையிலே, அடுத்த வாடியிலே, "என்னைப்போல் வேறு யாரும் இருப்பார்களா?" என்று அவரும் எண்ணிக்கொண்டிருக்கக்கூடும். எழுந்து நடந்து போய் அவரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். உச்சமுனையின் முதற்கூட்டம் அன்றிரவே நடந்தேறும்.